உல்சான் 2002: பந்து பட்டது தொடையில், கை போனது முகத்துக்கு

துருக்கியின் ஹக்கான் உன்சால் உதைத்த பந்து ரிவால்டோவின் காலில், முழங்காலுக்குச் சற்று மேலே பட்டது. ரிவால்டோ இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தார். நடுவர் கிம் யங்-ஜூ உன்சாலுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டையைக் காட்டி, கையோடு சிவப்பு அட்டையையும் காட்டி வெளியே அனுப்பினார். 2002 ஜூன் 3, தென்கொரியாவின் உல்சான் நகரம், உலகக் கோப்பையின் சி பிரிவில் பிரேசிலுக்கும் துருக்கிக்கும் முதல் ஆட்டம், அதுவும் இஞ்சுரி டைமின் கடைசி நிமிடங்கள்.

கால்பந்தில் டைவ் அடிப்பதை, அதாவது அடிபட்டதுபோல நடித்து விழுவதைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இந்தக் காட்சி வந்துவிடும். வருவது சரிதான். ஆனால் பேச்சு பெரும்பாலும் ரிவால்டோவைத் திட்டுவதோடு நின்றுவிடுகிறது. அந்த ஆட்டத்தில் யார் எதைப் பார்த்தார்கள், எந்த விதி எதற்கு இடம் கொடுத்தது, பிறகு யாருக்கு என்ன தண்டனை கிடைத்தது என்று வரிசையாகப் பார்த்தால், ஒரு ஆட்டக்காரரின் நடிப்பைவிடப் பெரிய கோளாறு ஒன்று தெரிகிறது. ஏமாற்றியவர் அடுத்த ஆட்டத்தில் ஆடினார். ஏமாற்றப்பட்ட அணி அடுத்த ஆட்டத்தில் ஒரு தடுப்பாட்டக்காரரை இழந்து ஆடியது. 2002இல் எழுதப்பட்டிருந்த விதிகளின்படியே இது நடந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஆட்டம் எப்படி அந்த இடத்துக்கு வந்தது?

துருக்கி 1954க்குப் பிறகு உலகக் கோப்பைக்கு வந்தது அந்த ஆண்டுதான். நாற்பத்தெட்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் முதல் ஆட்டம், எதிரே பிரேசில். பயிற்சியாளர் ஷெனோல் குனேஷின் அணி பயந்து ஒதுங்கி ஆடவில்லை. முதல் பாதி முடியும் தறுவாயில், இஞ்சுரி டைமில், ஹசன் ஷாஷ் இடது பக்கத்திலிருந்து ஓங்கி அடித்து 1-0 ஆக்கினார். இடைவேளை முடிந்து ஐந்தாவது நிமிடத்தில் ரொனால்டோ சமன் செய்தார். அதன் பிறகு பிரேசில் கையோங்கியது என்றாலும் 85 நிமிடம் வரை 1-1 தான்.

86ஆவது நிமிடத்தில் பிரேசிலின் மாற்று ஆட்டக்காரர் லுயிசாவ் பந்தோடு கோலை நோக்கி ஓட, அல்பாய் ஒசாலன் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். பிடித்தது பெனால்டி பாக்ஸுக்கு வெளியே. லுயிசாவ் தடுமாறிப் போய் விழுந்தது உள்ளே. நடுவர் பெனால்டி புள்ளியைக் காட்டினார், அல்பாய்க்குச் சிவப்பு அட்டை கொடுத்தார். கோலை நோக்கித் தனியாக ஓடுகிறவரைப் பிடித்து இழுத்தால் சிவப்பு அட்டை சரிதான், அதில் துருக்கிக்குப் பெரிதாக வாதாட இடமில்லை. ஆனால் இழுத்தது பாக்ஸுக்கு வெளியே என்பதால் அது ஃப்ரீ கிக்காக இருந்திருக்க வேண்டும், பெனால்டி அல்ல. 87ஆவது நிமிடத்தில் ரிவால்டோ பெனால்டியை அடித்து 2-1 ஆக்கினார்.

இதைக் கவனிக்க வேண்டும். ஆட்டத்தின் முடிவைத் தீர்மானித்த தவறு இங்கேயே நடந்து முடிந்துவிட்டது. ரிவால்டோ முகத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது பிரேசில் ஏற்கெனவே முன்னால் இருந்தது. அந்த விழுகையால் ஸ்கோர் மாறவில்லை. ஆனாலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் உல்சான் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது விழுகைதான், பெனால்டி அல்ல. கோடு எங்கே என்பதில் நடுவர் தவறியது மனிதப் பிழை, அதை ரசிகர்கள் திட்டித் தீர்த்துவிட்டு மன்னித்துவிடுவார்கள். விழுந்தது பிழை அல்ல, வேண்டுமென்றே செய்தது. ஜனங்கள் இரண்டையும் சரியாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

கார்னர் கொடி அருகே

கடைசிச் சில நொடிகளை மெதுவாகப் பார்க்கலாம். பிரேசிலுக்குக் கார்னர். முன்னால் இருக்கிற அணிக்கு அவசரம் கிடையாது, ரிவால்டோ கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று பந்து வரக் காத்திருக்கிறார். பின்தங்கியிருக்கும் துருக்கிக்கு ஒவ்வொரு நொடியும் முக்கியம். பந்து உன்சாலின் காலுக்கு வருகிறது. உருட்டி விட்டிருக்கலாம். அவர் எரிச்சலில் ஓங்கி உதைக்கிறார். சில மீட்டர் தூரம்தான். பந்து நேராகப் போய்த் தொடையில் மோதித் தெறிக்கிறது. பந்து பட்ட இடத்துக்கும் கை போன இடத்துக்கும் இடையில் பாதி உடம்பின் நீளம். ரீப்ளேயில் இதைப் பார்க்க ஒரு தடவை போதும், இரண்டாவது தடவை தேவையில்லை.

மைதானத்தில் நடுவருக்கு அந்த ஒரு தடவையே கிடையாது. கார்னர் எடுக்கப்போகும் நேரத்தில் அவர் கவனம் பெரும்பாலும் பெனால்டி பாக்ஸுக்குள் இருக்கும், அங்கேதான் சட்டையைப் பிடிப்பதும் முட்டித் தள்ளுவதும் நடக்கும். ஆட்டம் நின்றிருக்கும் நேரம் வேறு. சட்டென்று பந்து பறக்கிற சத்தம், திரும்பிப் பார்த்தால் ஒருவர் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில். துணை நடுவரிடம் கேட்கலாம்தான், ஆனால் நடுவரும் துணை நடுவர்களும் காதில் கருவி மாட்டிக்கொண்டு பேசிக்கொள்ளும் ஏற்பாடு உலகக் கோப்பைக்கு 2006இல்தான் வந்தது. 2002இல் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று பேச வேண்டும், அல்லது கொடியசைவை நம்ப வேண்டும்.

இங்கே உன்சாலையும் சும்மா விட முடியாது. நின்றுகொண்டிருக்கும் எதிரணிக்காரர் மேல் பந்தை ஓங்கி உதைப்பது நல்ல நடத்தை இல்லை. அது மேலே எங்கே பட்டாலும், படாமலே போனாலும், நடுவர் மஞ்சள் அட்டை கொடுக்க விதியில் இடம் உண்டு. ஏற்கெனவே ஒரு மஞ்சள் வாங்கியிருந்தவர் அதைச் செய்தது மடத்தனம். உலகக் கால்பந்து சங்கமான ஃபிஃபா பக்கம் நின்று வாதாடுகிறவர்கள் இதைத்தான் சொல்வார்கள்: அட்டை உதைத்ததற்கு, விழுந்ததற்கு இல்லை.

இந்த வாதம் பாதிதான் சரி. மஞ்சள் அட்டை கொடுப்பது நடுவரின் விருப்புரிமை. ஏற்கெனவே மஞ்சள் வாங்கிய ஒருவருக்கு, ஆட்டம் முடிய ஒரு நிமிடம் கூட இல்லாத நேரத்தில், நல்ல நடுவர் எதிரே ஒரு முகம் சுளித்த ரிவால்டோ மட்டும் நின்றிருந்தால் என்ன செய்திருப்பார்? உன்சாலைக் கூப்பிட்டு விரலைக் காட்டி எச்சரித்துவிட்டு கார்னரை எடுக்கச் சொல்லியிருக்கலாம். பெரும்பாலான நடுவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் முகத்தில் அடிபட்டவர் தரையில் புரளும்போது எச்சரிக்கையோடு விடுவது முடியாத காரியம். அரங்கம் பார்க்கிறது, உலகம் பார்க்கிறது. ரிவால்டோவின் நடிப்பு இல்லாத குற்றத்தை உண்டாக்கவில்லை. இருந்த சின்னக் குற்றத்தை நடுவர் கண்ணில் பெரிதாக்கி, அவர் கையிலிருந்த தேர்வைப் பிடுங்கிக்கொண்டது. டைவ் அடிப்பதில் மிகக் கேடான வகை இதுதான் என்று நினைக்கிறேன். முழுப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம். உண்மையின் மேல் ஏற்றி வைத்த பொய்யை மைதானத்தில் பிரித்தெடுப்பது கடினம்.

தீர்ப்பு

1999இலேயே கால்பந்து விதிகளை வகுக்கும் ஐ.எஃப்.ஏ.பி. அமைப்பு, நடுவரை ஏமாற்றும் நோக்கத்தோடு மைதானத்தில் எங்கே நடித்தாலும் மஞ்சள் அட்டை என்று 12ஆம் விதியில் எழுதிவிட்டது. 2002 உலகக் கோப்பைக்கு முன் ஃபிஃபா, நடிப்பை இந்தத் தடவை விடமாட்டோம் என்று அறிவித்தும் இருந்தது. எனவே ரிவால்டோ விவகாரம் அந்த அறிவிப்புக்கு வந்த முதல் சோதனை.

ஓரிரு நாளில் ஃபிஃபாவின் ஒழுங்குக் குழு ரிவால்டோவுக்கு அபராதம் விதித்தது. பிரிட்டிஷ் கணக்கில் 5,180 பவுண்டு. ஆட்டத் தடை கிடையாது. 1999ஆம் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று ஃபிஃபாவே விருது கொடுத்த ஒருவருக்கு, பார்சிலோனாவில் ஆடிச் சம்பாதித்துக்கொண்டிருந்தவருக்கு, அந்தத் தொகை ஒரு பொருட்டே இல்லை. பந்து முகத்தில் படவில்லை என்பதை ரிவால்டோ மறுக்கவில்லை. ஆனால் வருத்தமும் தெரிவிக்கவில்லை, தன்மேல் பந்தை உதைத்ததால் பாதிக்கப்பட்டவர் தான்தான் என்ற நிலையிலேயே நின்றார்.

உன்சாலின் சிவப்பு அட்டை அப்படியே இருந்தது. மைதானத்தில் நடந்தது பற்றி நடுவர் எடுத்த முடிவு இறுதியானது என்பது கால்பந்தின் பழைய கொள்கை. அந்தக் கொள்கைக்கு நியாயமும் உண்டு, இல்லையென்றால் ஒவ்வொரு ஆட்டமும் வழக்காடு மன்றத்தில்தான் முடியும். ஆனால் இங்கே என்ன ஆயிற்று என்று பாருங்கள். நடுவரை ரிவால்டோ ஏமாற்றினார் என்று ஃபிஃபாவே ஏற்றுக்கொண்டு தண்டித்தது. அந்த ஏமாற்றால் வந்த அட்டையை மட்டும் தொடவில்லை.

ஜூன் 9, இஞ்சியோன், துருக்கிக்கு கோஸ்டாரிகாவோடு ஆட்டம். அல்பாய், உன்சால் இரண்டு தடுப்பாட்டக்காரர்களும் சிவப்பு அட்டை வாங்கியதால் தடையில். எம்ரே அடித்த கோலால் துருக்கி முன்னால் போய், 86ஆவது நிமிடத்தில் வின்ஸ்டன் பார்க்ஸ் கோல் அடித்துச் சமன் செய்ய, 1-1. தடுப்பில் அந்த இருவரும் இருந்திருந்தால் அந்தக் கோல் விழுந்திருக்காது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கடைசி ஆட்டத்துக்கு முன் துருக்கியிடம் ஒரே ஒரு புள்ளி, கோஸ்டாரிகாவிடம் நான்கு. துருக்கி சீனாவை 3-0 வென்றது மட்டும் போதாது, பிரேசில் கோஸ்டாரிகாவை வெல்லவும் வேண்டியிருந்தது. பிரேசில் 5-2 என்று வென்றது. இரு அணிக்கும் நான்கு புள்ளி, கோல் வித்தியாசத்தில் துருக்கி உள்ளே.

துருக்கி அதன் பிறகு ஜப்பானையும் செனகலையும் வென்று, அரையிறுதியில் மீண்டும் பிரேசிலிடம் 0-1 என்று தோற்று, தென்கொரியாவை 3-2 வென்று மூன்றாம் இடம் பிடித்தது. கதை இப்படி நல்லபடியாக முடிந்ததால்தான் உல்சான் அநியாயத்தை எல்லோரும் லேசாக எடுத்துக்கொண்டார்கள். பிரேசில் அன்று கோஸ்டாரிகாவோடு சமன் செய்திருந்தால் துருக்கி முதல் சுற்றிலேயே வீடு திரும்பியிருக்கும். அப்போது அந்த 5,180 பவுண்டை யாராலும் நியாயப்படுத்தியிருக்க முடியாது.

ரிவால்டோ அந்தத் தொடரில் முதல் ஐந்து ஆட்டங்களிலும் கோல் அடித்தார். அருமையான ஆட்டக்காரர், அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஒரு ஆட்டத் தடை கொடுத்திருந்தால் சீனாவோடான ஆட்டத்தில் உட்கார்ந்திருப்பார், பிரேசில் அப்போதும் வென்றிருக்கும். அவ்வளவு சின்ன விலையைக் கூட அவரிடம் வாங்கவில்லை.

டேஜியோனில் தலைகீழ்

பதினைந்து நாள் கழித்து, ஜூன் 18, டேஜியோன். இத்தாலிக்கும் தென்கொரியாவுக்கும் இரண்டாம் சுற்று ஆட்டம், 1-1 ஆகிக் கூடுதல் நேரத்துக்குப் போனது. ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை வாங்கியிருந்த பிரான்செஸ்கோ டோட்டி 103ஆவது நிமிடத்தில் கொரியாவின் பெனால்டி பாக்ஸுக்குள் பந்தோடு நுழைந்து, சொங் சொங்-குக்கோடு மோதி விழுந்தார். எக்வடோர் நடுவர் பைரன் மொரேனோ ஓடி வந்தார். பெனால்டி என்று இத்தாலிக்காரர்கள் எதிர்பார்த்திருக்க, அவர் டோட்டிக்கு இரண்டாவது மஞ்சளைக் காட்டினார், நடித்ததாக. இத்தாலி பத்துப் பேரோடு ஆடி, 117ஆவது நிமிடத்தில் அஹ்ன் ஜங்-ஹ்வானின் கோல்டன் கோலில் (கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்துவிடும் அன்றைய விதி) வெளியேறியது.

ரீப்ளேயில் பார்த்தால் உடம்பும் உடம்பும் தொட்டது தெரிகிறது. கொரிய ஆட்டக்காரர் பந்தையும் தொட்டிருக்கிறார். என் கணக்கில் அது பெனால்டியும் இல்லை, டைவும் இல்லை. இருவரும் பந்துக்குப் போனார்கள், ஒருவர் விழுந்தார், ஆட்டம் தொடர வேண்டியது. ஆனால் பெனால்டி பாக்ஸுக்குள் ஒருவர் விழுந்தால் உடனே இரண்டே கட்சி: ஒன்று தடுத்தவன் குற்றவாளி, இல்லையென்றால் விழுந்தவன் குற்றவாளி. கால் தடுமாறி விழலாம், வேகத்தில் விழலாம், மோதாமல் தப்பிக்கக் குதித்தும் விழலாம் என்பதற்கு இடமே கொடுப்பதில்லை.

உல்சானையும் டேஜியோனையும் சேர்த்துப் பார்த்தால்தான் நடுவரின் சங்கடம் புரியும். நடிப்பைத் தண்டிக்கச் சொல்லி மேலிடம் நெருக்குகிறது. ஒரு நடுவர் நடித்ததைக் கண்டுபிடிக்கவில்லை, இன்னொருவர் நடிக்காததை நடிப்பு என்று கண்டுபிடித்தார். இரண்டு தவறுக்கும் விலை இரண்டாவது மஞ்சள் அட்டை. விதியில் வார்த்தை கடுமையாக இருப்பது கண்ணுக்குக் கூர்மை தராது.

விழுவதைப் படிப்பது

இந்தக் கூர்மையைக் கற்றுக்கொள்ள முடியுமா? ஓரளவு முடியும். இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் பால் மோரிஸ், டேவிட் லூயிஸ் இருவரும் ஆட்டக்காரர்கள் விழும் வீடியோக்களை வைத்து ஆராய்ந்து, நடிப்பவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் சில அடையாளங்களைச் சொன்னார்கள். அதில் எனக்குப் பிடித்தது ஒன்று. நிஜமாகத் தட்டிவிடப்பட்டவன் கையைத் தானாகவே கீழே கொண்டுபோவான், தரையில் ஊன்றித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. நடிப்பவன் நெஞ்சை முன்னே தள்ளி, தலையைப் பின்னே சாய்த்து, இரண்டு கையையும் மேலே தூக்கி, காலை முழங்காலில் மடக்கி, நாணேற்றிய வில் போல வளைந்து விழுவான். இயல்பான விழுகையில் அந்த வளைவு வருவதில்லை. மற்ற அடையாளங்களும் உண்டு: தொட்டதற்கும் விழுந்ததற்கும் நடுவே ஒரு தாமதம், லேசான தொடுதலுக்குப் பொருந்தாத வேகம், அடிபட்ட இடம் ஒன்றாகவும் பிடித்துக்கொள்ளும் இடம் வேறாகவும் இருப்பது. இந்தக் கடைசி அடையாளத்துக்கு உல்சானைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஆனால் அடையாளங்கள் கைகொடுக்காத இடம் ஒன்று இருக்கிறது, சர்வதேச ஆட்டங்களில் பெரும்பாலான சண்டை அங்கேதான். தொடுதல் உண்மை, விழுகை மிகை. 2014 ஜூன் 29, பிரேசிலின் ஃபோர்டலேசாவில் நெதர்லாந்தும் மெக்சிகோவும். 1-1 என்று இருந்தபோது கடைசி நிமிடங்களில் அர்யன் ராபன் எண்ட் லைன் ஓரமாக வெட்டி உள்ளே வர, ரஃபேல் மார்க்கேஸ் காலை நீட்டினார். ராபன் கைகளை விரித்துப் பறந்து விழுந்தார். போர்ச்சுகல் நடுவர் பெட்ரோ புரோஎன்சா பெனால்டி கொடுத்தார், ஹுண்ட்டெலார் அடித்தார், மெக்சிகோ வெளியே. "நோ எரா பெனால்" (அது பெனால்டி இல்லை) என்ற வாக்கியம் மெக்சிகோவில் அதன் பிறகு சுவரிலும் சட்டையிலும் ஏறியது.

ஆட்டம் முடிந்ததும் ராபன் ஒரு காரியம் செய்தார். முதல் பாதியில் ஒரு தடவை வேண்டுமென்றே விழுந்தேன், அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் கடைசியில் நடந்தது நிஜமான ஃபவுல் என்றார். மெக்சிகோவில் அவர் மன்னிப்பை யாரும் ஏற்கவில்லை, எரிச்சல்தான் கூடியது. எனக்கு என்னவோ அவர் இரண்டாவதாகச் சொன்னதும் உண்மை என்றே படுகிறது. மார்க்கேஸின் கால் தேவையில்லாமல் நீண்டது, தொட்டது. ஆனால் முதல் பாதியில் பொய்யாக விழுந்தவர் இரண்டாம் பாதியில் உண்மையாக விழுந்தாலும் நம்ப ஆள் கிடைக்காது. அவர் அந்தப் பேரைத் தானே சம்பாதித்துக்கொண்டார்.

இதில் நடுவர்கள் பங்கும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சட்டையைப் பிடித்து இழுத்தாலும் விழாமல் தாக்குப்பிடித்து ஓடுகிற ஆட்டக்காரனுக்கு விசில் கிடைப்பது அபூர்வம். அவன் நேர்மையாக நின்றதால் வாய்ப்பும் போச்சு, ஃபவுலும் போச்சு. அதே இழுப்புக்கு இன்னொருவன் விழுந்தால் உடனே விசில். பதினைந்து வயதிலேயே இதைப் பார்க்கிற பையன் என்ன கற்றுக்கொள்வான்? உல்சானில் கூட, லுயிசாவ் இழுபட்ட இடத்திலேயே நின்றிருந்தால் பெனால்டி கிடைத்திருக்காது. பாக்ஸுக்குள் போய் விழுந்ததால்தான் கிடைத்தது.

வீடியோ வந்த பிறகு

2018 ஜூன் 22, செயின்ட் பீட்டர்ஸ்பர்க், பிரேசிலும் கோஸ்டாரிகாவும். 0-0. ஆட்டம் முடிய பத்துப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது நெய்மார் பெனால்டி பாக்ஸுக்குள் திரும்பினார், கியான்கார்லோ கொன்சாலேஸின் கை லேசாக மேலே பட்டது, நெய்மார் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தார். டச்சு நடுவர் பியோர்ன் கைப்பர்ஸ் பெனால்டி கொடுத்தார். பிறகு வீடியோவைப் பார்த்துச் சொல்லும் உதவி நடுவரான வி.ஏ.ஆர். அழைக்க, ஓரத்தில் இருந்த திரையில் பார்த்துவிட்டு வந்து பெனால்டியை ரத்து செய்தார். உலகக் கோப்பை மேடையில், அந்த அளவு பெயருள்ள ஆட்டக்காரரின் விழுகையை எல்லோர் முன்னாலும் திருப்பி எடுத்தது பெரிய விஷயம். பிரேசில் இஞ்சுரி டைமில் இரண்டு கோல் அடித்து வென்றது வேறு கதை. ஆனால் அந்த விழுகைக்காக நெய்மாருக்கு மஞ்சள் அட்டை கொடுக்கப்படவில்லை. பொய் செல்லவில்லை, அவ்வளவுதான். பொய்க்கு விலை இல்லை.

சரி, இதே ஏற்பாடு உல்சானில் இருந்திருந்தால்?

2018 உலகக் கோப்பைக்காக வகுத்த நெறிமுறைப்படி வி.ஏ.ஆர். தலையிடக்கூடியவை நான்கு: கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆளை மாற்றி வேறொருவருக்கு அட்டை காட்டிவிடுவது. லுயிசாவ் விழுந்தது பாக்ஸுக்கு வெளியே நடந்த ஃபவுலால் என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். பெனால்டி ஃப்ரீ கிக்காக மாறியிருக்கும். ஆட்டத்தின் முடிவையே மாற்றிய தவறு திருத்தப்பட்டிருக்கும். ஆனால் உன்சாலுக்குக் கிடைத்தது நேரடிச் சிவப்பு இல்லை, இரண்டாவது மஞ்சள். அந்த நெறிமுறையில் இரண்டாவது மஞ்சளைத் திரும்பப் பார்க்க இடமில்லை. திரை முன் உட்கார்ந்திருப்பவர் பந்து தொடையில் பட்டதை நான்கு கோணத்தில் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் இருந்திருக்க வேண்டும். டேஜியோனில் டோட்டிக்கும் அதே கதிதான். பெனால்டி உண்டா இல்லையா என்று சரிபார்த்திருப்பார்கள், பெனால்டி இல்லை என்றால் மஞ்சள் அட்டையை அப்படியே விட்டிருப்பார்கள்.

கூடி விதி எழுதும் ஐ.எஃப்.ஏ.பி.காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. எல்லா மஞ்சள் அட்டையையும் திரும்பப் பார்க்க ஆரம்பித்தால் ஆட்டம் நகராது என்று அவர்கள் பயப்படுவது புரிகிறது. அதனால் மைதானத்திலேயே எல்லாவற்றையும் தீர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது.

2007 செப்டம்பர் 8, கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க். 2008 ஐரோப்பியக் கோப்பையின் (யூரோ) தகுதிச் சுற்றில் ஸ்காட்லாந்தும் லிதுவேனியாவும். லிதுவேனியாவின் சவுலியஸ் மிகோலியூனஸ் யாரும் தொடாமலே பெனால்டி பாக்ஸுக்குள் விழுந்து பெனால்டி வாங்கிக் கொடுத்தார், கோலும் விழுந்தது. ஸ்காட்லாந்து 3-1 என்று வென்றுவிட்டது, ஆக அந்த டைவால் முடிவு மாறவில்லை. ஆனாலும் ஐரோப்பியக் கால்பந்து சங்கமான யூஈஎஃப்ஏ வீடியோவைப் பார்த்து அவருக்கு இரண்டு ஆட்டத் தடை விதித்தது. 2017இல் இங்கிலாந்துக் கால்பந்து சங்கமும் இதே வழிக்கு வந்தது. நடித்துப் பெனால்டி வாங்கினாலோ எதிரணிக்காரரைச் சிவப்பு அட்டையில் அனுப்பினாலோ, ஒரு குழு வீடியோவைப் பார்த்து இரண்டு ஆட்டத் தடை விதிக்கலாம். அப்படி வந்த அட்டையை ரத்து செய்யவும் அங்கே வழி இருக்கிறது.

மிகோலியூனஸ் சின்ன நாட்டு ஆட்டக்காரர், அவர் ஆடியது தகுதிச் சுற்று. ரிவால்டோ உலகக் கோப்பையின் முகங்களில் ஒருவர். இருவரும் செய்தது ஒரே காரியம், இன்னும் சொல்லப்போனால் ரிவால்டோவின் செயலால் ஒரு மனிதன் வெளியே போனான். ஒருவருக்கு இரண்டு ஆட்டம், இன்னொருவருக்குச் சில்லறைக் காசு. தண்டித்தவை வேறு வேறு அமைப்புகள் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் ரிவால்டோ விஷயத்தில் ஃபிஃபா கையில் வீடியோ இருந்தது, விதி இருந்தது, தானே கொடுத்த எச்சரிக்கையும் இருந்தது. தடை விதிக்க மனம்தான் வரவில்லை.

2002 ஜூன் முதல் வாரத்தில் அந்த ஒழுங்குக் குழு செய்திருக்க வேண்டியது இரண்டு காரியம். ரிவால்டோவுக்குக் குறைந்தது ஒரு ஆட்டத் தடை. உன்சாலுக்கு, பந்தை உதைத்த குற்றத்துக்கு வேண்டுமானால் அபராதம், ஆனால் கோஸ்டாரிகாவுக்கு எதிரான தடை நீக்கம். ஆட்டத்தின் ஸ்கோரைத் தொட வேண்டியதில்லை, நடுவரை அவமதிக்க வேண்டியதும் இல்லை. ஏமாற்றப்பட்ட நடுவரின் அட்டையை ரத்து செய்வது அவருக்கு இழுக்கு என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. கிம் யங்-ஜூவுக்கு இழுக்கு வந்தது அட்டையைத் திரும்பப் பெறாததால்தான், அவர் பெயர் இன்றும் அந்தக் காட்சியோடு சேர்த்தே சொல்லப்படுகிறது.

ஒவ்வொரு உலகக் கோப்பைக்கு முன்னும் நடிப்பை ஒழிப்போம் என்று நடுவர்களைக் கூட்டிவைத்துப் பேசுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒழுங்குக் குழுக்காரர்களும் உட்கார வேண்டும். களத்தில் ஒரே பார்வையில் முடிவெடுக்கும் நடுவரிடம் கேட்கிற துணிச்சலை, இரண்டு நாள் அவகாசமும் எல்லாக் கோணத்து வீடியோவும் கையில் வைத்திருக்கும் அவர்களிடம் முதலில் கேட்க வேண்டும்.